நாற்பத்திரண்டு நாள் பத்தியம்

நாற்பத்திரண்டாவது நாள் தீர்ப்பு வந்தது. எல்லோரும் நிரபராதிகள்.

பால் விடுதலை. கோதுமை விடுதலை. முட்டை, நிலக்கடலை, மீன், தக்காளி எல்லாம் விடுதலை. கடைசி மூன்று நாள் கூண்டில் நின்ற கத்திரிக்காய் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. அதன் முகத்திலேயே ஒரு குற்றவாளிக் களை உண்டு. அதுவும் கையை வீசிக்கொண்டு வெளியே போய்விட்டது.

"நல்ல செய்தி சார்," என்றார் கவிப்ரியா. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கிளினிக்கில் அவர் உணவு ஆலோசகர். நான் நாள் தவறாமல் எழுதிய நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு மூடினார். "உங்களுக்கு எந்தச் சாப்பாடும் ஒத்துக்காம இல்ல. இனிமே எல்லாத்தையும் சாப்பிடலாம்."

எல்லாவற்றையும் சாப்பிடலாம் என்று நாற்பத்து மூன்று வயதுக்காரனிடம் ஒரு மருத்துவமனையில் சொல்வது எவ்வளவு அபூர்வம்! நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நானோ நாற்காலியை விட்டு அசையவில்லை. ஏனென்றால் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, பாதியில், ஆறு பேர் முன்னால் நானே ஒரு தீர்ப்பு எழுதிப் படித்துவிட்டிருந்தேன். அதில் குற்றவாளி சென்னம்மா அக்கா.

முறையாகச் சொல்கிறேன்.

என் பெயர் பூபதி. சொந்த ஊர் சாத்தூர் பக்கம். ஓசூருக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஊருக்குப் போனால் என் பேச்சு ஓசூர்ப் பேச்சு என்கிறார்கள். ஓசூரில் வாயைத் திறந்தால், "அண்ணனுக்குத் தெக்கத்திப் பக்கமா?" என்கிறார்கள். சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளன். ஏ.சி. அறை. கடைந்து முடித்த ஷாஃப்டை மேசையில் வைத்து அளந்து, ஒரு மயிரிழை கூடியிருந்தாலும் ஒதுக்கித் தள்ளுவது என் வேலை. பெண் பார்க்கப் போன இடங்களிலும் இப்படித்தான் தள்ளிக்கொண்டே இருந்தேன் என்று என் தங்கை பூங்கொடி சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். பாவம், அண்ணன் மேல் பாசம். உண்மையில் தள்ளியவர்கள் அவர்கள். அளவு குறைந்தது நான்தான்.

ஜூஜுவாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலையில் லாரிகள் கர்நாடகத்துக்குள் போவதும் வருவதும் தெரியும். எல்லோருக்கும் எங்கோ போக வேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த ஜன்னல் உதவும். அதனால் பெரும்பாலும் மூடியே வைத்திருப்பேன்.

இந்த வருடம் பிப்ரவரியில் அரிப்பு வந்தது. முதலில் தொடை. பிறகு இடுப்பு, முன்னங்கை. சிவப்புச் சிவப்பாகத் தடித்து, ராத்திரியானால் நான் ஒரு தேங்காய்த் துருவியாக மாறிவிடுவேன். தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். களிம்பு பூசினால் அடங்கியது, நிறுத்தினால் எழுந்தது. சாப்பாட்டில் ஏதாவது சேராமல் இருக்கலாம், எதற்கும் பார்த்துவிடுங்கள் என்று அவர்தான் கவிப்ரியாவிடம் அனுப்பினார்.

கவிப்ரியா ஒரு தாள் கொடுத்தார். முதல் மூன்று வாரம் சந்தேகத்துக்குரிய ஏழு பொருளையும் அறவே விட வேண்டும். காபி, டீ, புளி, மிளகாய்த்தூளும் கூடாது. அடுத்த மூன்று வாரம் அந்த ஏழையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒரு பொருளுக்கு மூன்று நாள். அந்த மூன்று நாளும் உடம்பு என்ன சொல்கிறது என்று எழுத வேண்டும். வெளிச் சாப்பாடு மூச்!

"வெளிச் சாப்பாடுன்னா, மெஸ்ஸும் சேர்த்தியா?" என்று கேட்டேன்.

"மெஸ்தான் சார் முதல்ல."

அங்கேதான் எனக்கு ஒரு கணம் தயக்கம் வந்தது. பாலை விடலாம். முட்டையை விடலாம். சென்னம்மா மெஸ்ஸை எப்படி விடுவது?

நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், தகரக் கூரை போட்ட நீளமான ஒரு அறை. போர்டு கிடையாது. சென்னம்மா அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. கம்பெனி பஸ் எங்களை இறக்கிவிட்டதும் நேராக அங்கேதான் போவோம். உள்ளே நுழைகிற ஒவ்வொருவரையும் பார்த்து, "ஊட்டா ஆய்த்தா?" என்பார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். சாப்பிட வருகிறவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்கும் ஒரே கடை இந்த எல்லையில் அதுதான். ஒன்பது வருடமாக, ஒரு நாளில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிற ஒரே ஆளும் அவர்தான்.

மாதச் சாப்பாட்டுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அங்கே பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு உண்டு. அதில் ஒரு முறை இருக்கிறது. நாளைக்குச் சாப்பிட வருகிறவன் தட்டு சுவரோரக் கம்பிச் சட்டத்தில் நிமிர்ந்து நிற்கும். ஊருக்குப் போனவன் தட்டு மேல் பலகையில் குப்புறக் கிடக்கும். அவன் திரும்பி வந்ததும் அக்கா அதை இறக்கிக் கழுவுவார். வேலையை விட்டோ, கல்யாணமாகியோ நிரந்தரமாகப் போகிறவனுக்குத் தட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். "போற எடத்துல இதுல சாப்புடு" என்பார். கல்யாணமாகித் தட்டு வாங்கிப் போனவர்கள் பதினேழு பேரை நான் வழியனுப்பியிருக்கிறேன். என் தட்டு அந்த அறையை விட்டு வெளியே போனதே இல்லை.

பத்தியத்துக்குப் போகிறேன் என்று சொன்னபோது அக்கா சிரித்தார். தட்டைத் துடைத்து மேல் பலகையில் குப்புற வைத்தார். "ஒண்ணரை மாசம்தான? போய்ட்டு வா," என்றார், ஏதோ காசிக்குப் போகிறவனை அனுப்புகிற மாதிரி.

முதல் வாரம் காய்கறியைத் தவிர பேச்சுத் துணை இல்லை. கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேரே அறைக்குப் போவேன். பாசிப்பருப்பும் சுரைக்காயும், சுரைக்காயும் பாசிப்பருப்பும். சுரைக்காய் நல்ல காய்தான், சாதுவான காய். ஆனால் தொடர்ந்து பத்து நாள் ஒரே சாதுவோடு தனியறையில் இருந்தால் மனிதனுக்குக் கொலைவெறி வரும். சாப்பிட்டு முடித்துப் பார்த்தால் மணி ஏழுகூட ஆகியிருக்காது. பிறகு என்ன செய்வது? அறையைப் பெருக்கினேன். துணி துவைத்தேன். மறுநாளும் துணி துவைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் இருந்ததே இல்லை. பார்க்கத்தான் ஆள் இல்லை.

இரண்டாவது வாரம் அரிப்பு குறைந்தது. மூன்றாவது வாரம் தடிப்பு அடியோடு போய்விட்டது. கண்ணாடி முன்னால் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருபத்திரண்டாவது நாள். ஞாயிற்றுக்கிழமை. இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும். சுரைக்காயிடமா சொல்வது?

மெஸ்ஸுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் கோழிக் குழம்பு. ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கங்கப்பன் என்னைப் பார்த்ததும், "அடடே, ஏ.சி.யண்ணா! வாங்க, வாங்க. வாசனையாச்சும் புடிச்சிட்டுப் போங்க," என்றான். எனக்கு மெஸ்ஸில் அதுதான் பெயர். மூன்று வாரம் கழித்து ஒருவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரிக்க வைக்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. எனக்கு அது ஒரு வியாதி. அதற்குத்தான் இன்னும் யாரும் பத்தியம் எழுதித் தரவில்லை.

சட்டைக் கையை மடித்துவிட்டு, விளம்பரப் படம் மாதிரி முழங்கையைத் தூக்கிக் காட்டினேன்.

"பாருங்கக்கா. ஒங்க கொழம்ப நிறுத்தினேன், தோலு பளபளன்னு ஆயிருச்சு. வாசல்ல ஒரு போர்டு வைங்க: சாப்பாட்டுடன் சொறி இலவசம்!"

ஆறு பேரும் சிரித்தார்கள். கங்கப்பனுக்குப் புரையேறியது. அக்காவும் சிரித்தார். கரண்டியில் கொஞ்சம் குழம்பை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "நெசமாவா?"

"டெஸ்ட்டே சொல்லுதுக்கா," என்றேன்.

டெஸ்ட் அப்படி எதுவும் சொல்லவில்லை. இன்னும் பாதிதான் முடிந்திருந்தது. ஆனால் சிரிப்பு வந்த பிறகு அதைத் திருத்த எந்தக் கோமாளிக்கு மனசு வரும்?

மூன்றாம் நாள் சாயங்காலம் கங்கப்பன் என் அறைக் கதவைத் தட்டினான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"அக்கா குடுத்துச்சி," என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பைக்குள் என் தட்டு இருந்தது.

"ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலண்ணா. தெலுங்குல திட்டியிருந்தாக்கூட பரவால்லன்னு இருந்துச்சி."

கடைசி மூன்று வாரம் ஏழு பொருளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். நான்கு வாரத் தவம் முடிந்து ஒருவன் முட்டை சாப்பிடுகிறான் என்றால் அது ஒரு சின்னத் திருவிழா. நான் அந்தத் தட்டில் அவித்த முட்டையை வைத்து, உப்பு மிளகு போட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். தள்ளுவண்டிக்காரர் ராயக்கோட்டைத் தக்காளி ஒரு கிலோ கொடுத்தபோது, "என்ன சார், வீட்ல விசேஷமா?" என்றார். முகம் அவ்வளவு மலர்ந்திருந்ததாம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்து, கழுவி, பச்சையாகவே இரண்டைக் கடித்துத் தின்றேன். புளிப்பு கண்ணில் நீர் வர வைத்தது. புளிப்புதான்.

தட்டை அறையில் விட்டுவிட்டுப் போக என்னவோ மாதிரி இருந்தது. தினமும் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போய், கட்டிக்கொண்டுபோன சோற்றைக் கேன்டீன் ஓரத்தில் உட்கார்ந்து அதில் சாப்பிட்டேன். போகிற இடத்தில் இதில் சாப்பிடு என்பதுதானே முறை.

ஏதாவது ஒரு பொருள் மாட்டிக்கொள்ள வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். கத்திரிக்காய் ஒன்று போதும். "அக்கா, நீங்க இல்ல, கத்திரிக்கா," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடலாம். ஒன்றும் மாட்டவில்லை.

ஆக, இன்று, சனிக்கிழமை, வேலையில் அனுமதி கேட்டு மூன்று மணிக்கே கிளம்பி, யூனிஃபார்மோடு கவிப்ரியா முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"எதுவுமே இல்லன்னா, அரிப்பு எப்படி மேடம் போச்சு?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். இந்த ஆறு வாரத்துல சாப்பாட்டைத் தவிர வேற என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறலையே."

"வேலை விட்டு வந்ததும் என்ன பண்ணுவீங்க?"

"குளிப்பேன். சமைக்கணும்ல. எண்ணெய்க் கையோட அரிசி களைய முடியாது."

"அதுக்கு முன்னாடி? மெஸ்ல சாப்பிட்டப்போ?"

"நேரா மெஸ். அங்க ரெண்டு, ரெண்டரை மணி நேரம் பேசிட்டிருப்போம். அப்புறம் ரூமுக்குப் போயி..." நிறுத்தினேன். அறைக்குப் போய் விளக்குக்கூடப் போடாமல் அப்படியே கட்டிலில் விழுந்துவிடுவேன் என்பதை ஒரு இளம் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன்.

"யூனிஃபார்மோடயா?"

"பெரும்பாலும்."

"அதை எத்தனை நாளைக்கு ஒரு தடவை துவைப்பீங்க?"

"முன்னயா? மூணு நாள்... நாலு நாள். இப்ப தினமும். வேற வேலை இல்லையே."

கவிப்ரியா மேசைக்கு இந்தப் பக்கம் எட்டி என் பேண்ட்டைப் பார்த்தார். இரண்டு தொடையிலும் கை துடைத்த கறை, தேசப்படம் மாதிரி. பிறகு என் நகங்களைப் பார்த்தார். பிறகு முதல் நாள் நான் நிரப்பிய படிவத்தைப் புரட்டினார்.

"வேலைங்கற எடத்துல ஏ.சி. ரூம்னு எழுதியிருக்கீங்க. எண்ணெய் எங்கருந்து சார் வந்துச்சு?"

இப்போது உங்களிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். மேலே உங்களிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. பதினோரு வருடப் பழக்கத்தில் நாக்கு தானாக அங்கே போகிறது. ஜனவரியில் அந்த அறைக்குக் கேமரா வைத்த ஒரு புது இயந்திரம் வந்தது. நான் நாள் முழுக்க அளப்பதை அது டீ குடிக்கும் நேரத்தில் அளந்துவிடும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போதும். அந்த ஆள் நான் இல்லை. என்னைக் கடைசல் வரிசைக்கு அனுப்பினார்கள். பதவிப் பெயர் அதேதான், சம்பளம் அதேதான். ஏ.சி. மட்டும் இல்லை. இயந்திரத்துக்குள்ளிருந்து கூலண்ட் சொட்டச் சொட்ட ஷாஃப்டை எடுத்து, துடைத்து, அளக்க வேண்டும். கடையும்போது சூடேறாமல் இருக்க ஊற்றுகிற, பால் மாதிரியான எண்ணெய்த் தண்ணீர்தான் கூலண்ட். கையுறை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் அளவு சரியாகப் பிடிபடவில்லை என்று கழற்றி வைத்தது நான். துடைக்கத் துணி கொடுத்திருந்தார்கள். பேண்ட் பக்கத்தில் இருந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தோல் டாக்டர் கேட்டபோதும், ஏ.சி. அறை என்றேன். பூங்கொடி போனில் கேட்டாலும் ஏ.சி. அறை. மெஸ்ஸில் நான் ஏ.சி.யண்ணா.

கவிப்ரியா சிரிக்கவில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். "ஸ்கின் டாக்டர்கிட்ட இதைச் சொல்லி மறுபடி காட்டிருங்க சார். கையுறை போடுங்க. ஏப்ரன் கேளுங்க. வேலை முடிஞ்சதும் குளிச்சு மாத்திருங்க. அவ்வளவுதான்," என்றார். பிறகு நோட்டை என்னிடம் நீட்டி, "ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க," என்றார். ஆறு வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

ஜூஜுவாடி போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் தொழிலில் ஒரு பாகம் கெட்டுப்போனால் 'ஒய்-ஒய்' என்று ஒரு தாள் எழுத வேண்டும். ஏன் கெட்டது? அது ஏன்? அது ஏன்? ஐந்து முறை கேட்டால் அடி வேருக்குப் போய்விடலாம் என்பது நம்பிக்கை. இன்னொரு விதியும் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வருடா வருடம் இதை வகுப்பெடுக்கிறவன் நான். அந்த நான், சாப்பாட்டை மாற்றிய அன்றே குளிக்கும் நேரத்தையும், துவைக்கும் நாளையும், படுக்கும் துணியையும் சேர்த்து மாற்றிவிட்டு, பழியை ஒரு குழம்பின் மேல் போட்டிருக்கிறேன்.

நோட்டின் பின்னட்டையில் எழுதினேன். ஏன் அரிப்பு? எண்ணெய்த் துணி. ஏன் எண்ணெய்த் துணியோடே இருந்தாய்? குளிக்கவில்லை. ஏன் குளிக்கவில்லை? மெஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏன் அவ்வளவு நேரம் உட்கார்ந்தாய்? அறைக்குப் போகப் பிடிக்கவில்லை.

ஐந்தாவதைக் கேட்பதற்குள் ஸ்டாப்பிங் வந்துவிட்டது. வராவிட்டாலும் கேட்டிருக்க மாட்டேன்.

மெஸ்ஸில் நான்கு பேர்தான் இருந்தார்கள். வாசலிலேயே நின்றேன். அக்கா அடுப்புப் பக்கத்திலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் முறை.

பையிலிருந்து தட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். பிச்சைக்கு வந்தவன் மாதிரிதான் இருந்திருக்கும்.

"அக்கா, ரிசல்ட் வந்துருச்சு. ஒங்க சாப்பாட்டுல ஒண்ணுமில்ல."

"அத எங்கிட்ட என்னாத்துக்கு சொல்ற? என் சமையல் எப்பிடின்னு எனக்குத் தெரியும்." அக்கா கரண்டியால் உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினார். "அன்னிக்கு எத்தினி பேரு முன்னாடி சொன்ன? ஆறு பேரு. ரெண்டு பேரு அப்பவே நின்னுட்டாங்க. மீதி இருக்கறவங்ககிட்ட சொல்லு."

"அக்காவுக்கு எங்கண்ணா தெரியும்?" கங்கப்பன் வாயில் கவளத்தோடு குறுக்கே வந்தான். "நீங்க சொல்லிட்டுப் போனதுல இருந்து எங்க உயிர வாங்குது. எண்ணெய மாத்துச்சி. மொளகாத்தூளுக்கு வேற மில்லுக்குப் போச்சி. ஒரு வாரம் புளி போடாம ரசம். மூணு வாரமா கத்திரிக்காவக் கண்ணால பாக்கல. 'ஒனக்கு அரிக்குதா, ஒனக்கு அரிக்குதா'ன்னு தெனம் கேக்குது. அரிக்காதவனுக்கும் அரிக்கற மாதிரி இருக்குது."

"சோத்தத் தின்னுட்டுப் பேசுடா," என்றார் அக்கா. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் கையில் தட்டோடு நின்றேன். என் ஒருவன் தோலுக்காக நான் ஏழு பொருளை விட்டேன். ஒரு சிரிப்புக்காக நான் சொன்ன சொல்லை வைத்துக்கொண்டு, இந்த மனுஷி தன் அடுப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறார். எந்த நோட்டும் இல்லாமல். யாருடைய பாராட்டும் இல்லாமல்.

சொன்னேன். ஏ.சி. அறை ஜனவரியோடு போய்விட்டது என்று. ஆறு மாதமாக எண்ணெயில் கை விட்டுக்கொண்டிருக்கிறேன் என்று. டாக்டரிடமும் பொய் சொன்னேன், இங்கேயும் பொய் சொன்னேன், அந்தத் துணியோடே படுத்தேன், அதுதான் சொறி என்று. நடுவில் ஒரு ஜோக் சொல்ல இடம் இருந்தது. சொல்லவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கங்கப்பன் கையை நக்கிக்கொண்டே சொன்னான்: "அது தெரியும்ண்ணா."

"என்ன தெரியும்?"

"பதினாலு வருசமா கூலண்ட் டிரம்மத்தான தூக்கறேன்? அந்த வாசன எனக்குத் தெரியாதா? பொங்கல் முடிஞ்சி ஒரு வாரத்துலயே தெரியும். எல்லாத்துக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன்டா ஏ.சி.யண்ணா, ஏ.சி.யண்ணான்னு கூப்புட்ட?"

"நீங்களே சொல்லல. நாங்க எப்பிடி சொல்றது?" என்றான். சொல்லிவிட்டு ரசம் கேட்டான்.

அன்றே ஒருவன், 'என்னண்ணா, லைனுக்குத் தள்ளிட்டாங்களா?' என்று கேலி செய்திருந்தால் எனக்குச் சுரைக்காயே தெரிந்திருக்காது. ஆறு மாதமாக என் மானத்தைக் காப்பாற்றி, என் தோலைக் கோட்டை விட்டிருக்கிறார்கள். நான் அவர்களைக் கோபித்துக்கொள்ள முடியுமா?

"அக்கா," என்றேன். "தப்புதான்."

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பாலுக்கு எத்தினி நாள் வச்சிப் பாத்த?"

"மூணு நாள்."

"முட்டைக்கு?"

"மூணு நாள்."

"கத்திரிக்காக்கு?"

"மூணு நாள்க்கா."

"எனக்கு?"

நான் கையிலிருந்த தட்டைப் பார்த்தேன்.

"ஒம்போது வருசம் சோறு போட்டவளுக்கு ஒரு நாளு வச்சிப் பாக்கல நீ. வந்த, சொன்ன, சிரிச்ச, போய்ட்ட." குரல் உயரவில்லை. தெலுங்கு வரவில்லை. தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "பின்னாடி தொட்டில தண்ணி இருக்குது. அந்தத் துணியக் கழட்டிட்டுக் குளி. டேய் கங்கப்பா, வண்டில லுங்கி வச்சிருப்பியே, குடு."

"அது வண்டி தொடைக்கற லுங்கிக்கா."

"இவனுக்கு அது போதும்."

நான்கு பேரும் சிரித்தார்கள். நாற்பத்திரண்டு நாளில் என்னை வைத்து அடுத்தவர்கள் சிரித்தது அதுதான் முதல். சுகமாக இருந்தது.

குளித்து, வண்டி துடைக்கும் லுங்கியைக் கட்டிக்கொண்டு நான் உள்ளே வந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சனிக்கிழமை என்பதால் இரண்டு பேர் ஊருக்கு பஸ் பிடிக்க வேண்டும். கங்கப்பன் போகும்போது, "லுங்கி நாளைக்கு வேணும் பூபதியண்ணா," என்றான். ஏ.சி. இல்லை. பூபதி. ஏ.சி. இல்லாமலே காதுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது.

காலி பெஞ்சில் நான் மட்டும். அக்கா களியும் கீரை மசியலும் வைத்தார். ரசம் ஊற்றினார். ரசத்தில் புளி திரும்ப வந்திருந்தது. பக்கத்தில் நிற்காமல் போய்ப் பாத்திரம் விளக்க ஆரம்பித்துவிட்டார். நான் தலை குனிந்து சாப்பிட்டேன். ரசத்தில் காரம் அதிகம்தான். ஆனால் அதைச் சொல்லும் நிலைமையில் நான் இல்லை.

எழுந்து என் தட்டை நானே கழுவினேன். சுவரோரச் சட்டத்தில், கங்கப்பன் தட்டுக்குப் பக்கத்தில் என் இடம் காலியாகத்தான் இருந்தது. அங்கே கொண்டுபோனேன்.

"அங்க வெக்காத," என்றார் அக்கா, திரும்பாமலே.

ஈரக் கையோடு வந்து தட்டை வாங்கி, துணியால் துடைத்து, மேல் பலகையில் ஊருக்குப் போனவர்கள் தட்டுக்குப் பக்கத்தில் குப்புற வைத்தார்.

"மூணு நாள் வா. குளிச்சிட்டு வா. ஒத்துக்குதான்னு பாக்கலாம்."

"எனக்கா அக்கா?"

"எனக்கு," என்றார்.

ஈர யூனிஃபார்மைப் பையில் சுருட்டிக்கொண்டு, லுங்கியோடு நெடுஞ்சாலை ஓரமாக நடந்தேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அறைக்கு வந்து விளக்கைப் போட்டேன். சாதுவான சுரைக்காய் பாதி, மூலையில் காய்ந்துகொண்டிருந்தது.

நோட்டில் ஏழு பொருளுக்கும் கட்டம் போட்ட பக்கத்தில், கீழே கொஞ்சம் இடம் மீதி இருந்தது. ஸ்கேல் வைத்து இன்னும் ஒரு கோடு இழுத்தேன். வரிசை எண்: எட்டு. பொருளின் பெயர் என்ற கட்டத்தில் பூபதி என்று எழுதினேன். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று அடுத்த கட்டங்களைப் பிரித்தேன். அவற்றை நான் நிரப்ப முடியாது. காலியாக விட்டு, நோட்டை மூடி, யூனிஃபார்மைச் சோப்பில் ஊறப் போட்டேன்.